நாகர்கோவில் சயின்ஸ் சேல்ஸ் வகுப்பு: சனிக்கிழமைக்கு மட்டும் காசு கொடுக்கலாம்

பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்தவர்களை லேப் கருவி, ரசாயனம், நோய்ப் பரிசோதனை (டயக்னாஸ்டிக்) கம்பெனிகளின் விற்பனை வேலைக்குத் தயார் செய்வதாகச் சொல்லும் பயிற்சி நிலையம் ஒன்றில் நான் படித்தேன். நாகர்கோவிலில், மாடியில், ஒரு ஹால், ஒரு ஆபீஸ் ரூம். இரண்டு மாதம், சனியும் ஞாயிறும் வகுப்பு, கட்டணம் 12,000 ரூபாய். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரே ஒரு வாத்தியாரை நம்பி ஓடும் இடம் அது. நாளைக்கே அவர் நின்றுவிட்டால் நான் எழுதுவதில் பாதி செல்லாது. இதே மாதிரி வகுப்பில் சேர நினைப்பவர்கள் எதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை வகுப்பு பிரமாதம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வீண். வேலை வாங்கித் தருவோம் என்ற பேச்சைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

நான் வேதியியல் எம்.எஸ்சி. ஊர் தக்கலைப் பக்கம். எங்கள் மாவட்டத்தில் சயின்ஸ் படித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கல்லூரி என்று வருஷா வருஷம் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். வந்த பிறகு வீட்டில் பேசப்படும் வழிகள் நாலுதான்: பி.எட்., டி.என்.பி.எஸ்.சி., பேங்க் கோச்சிங், வளைகுடா. பெண்ணென்றால் ஐந்தாவதாகக் கல்யாணம். சேல்ஸ் என்று நான் வாயெடுத்ததும் அப்பா, "பை தூக்கிக்கிட்டு வீடு வீடா அலையவா எம்.எஸ்சி. படிச்சே?" என்றார். லேப்புக்குக் கருவி விற்பவர் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை, கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஃபேக்டரிக்கும்தான் போகிறார் என்று விளக்கியும் அவர் முகம் மாறவில்லை. அம்மா மட்டும் "ஸ்கூட்டி நல்ல கண்டிஷன்ல இருக்கா?" என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி என்று வேலைக்கு வந்த பிறகு புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமையை முதலில் முடித்துவிடலாம். பர்சனாலிட்டி டெவலப்மென்ட், ஸ்போக்கன் இங்கிலீஷ், குரூப் டிஸ்கஷன். எப்படிக் கை குலுக்குவது, எப்படி உட்காருவது, டை எப்படிக் கட்டுவது. டை பகுதியில் பெண்களாகிய நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஒருவர் எழுந்து தண்ணீர் பாட்டிலை அடுத்தவருக்கு விற்றுக் காட்ட வேண்டும், மற்றவர்கள் கை தட்ட வேண்டும். அந்தப் பயிற்சியைக் கண்டுபிடித்தவர் வாழ்க்கையில் ஒரு கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்டுக்குள் போயிருக்க மாட்டார். அங்கே யாரும் பேச்சில் மயங்கி எதையும் வாங்குவதில்லை. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் கேட்கும் முதல் கேள்வியே, "லேம்ப் போனா எங்கேருந்து வரும், எத்தனை நாளாகும்?" என்பதுதான். ஆங்கிலம் பேசக் கூச்சப்படுபவர்களுக்கு ஞாயிறு கொஞ்சம் உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு இதைவிடக் குறைந்த கட்டணத்தில் வேறு வகுப்புகள் கோட்டாறிலும் டெரிக் ஜங்ஷன் பக்கமும் இருக்கின்றன.

இப்போது சனிக்கிழமை. எடுத்தவர் லேப் கருவி விற்பனையிலேயே தலை நரைத்து ரிட்டயர் ஆனவர். மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் பழைய யூ.வி. விசிபிள் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றைச் சொந்தக் காரின் பின்சீட்டில் வைத்துக் கொண்டுவந்து மேஜையில் இறக்கினார். நாங்கள் எல்லாரும் உடனே 190 முதல் 1100 நானோமீட்டர், டியூட்டீரியம் லேம்ப், டங்ஸ்டன் லேம்ப் என்று படித்ததை ஒப்பிக்கத் தொடங்கினோம். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "சரி மக்கா, இதை வாங்குறது யாரு?" என்றார்.

"காலேஜ் சார்."

"காலேஜ்ல யாரு?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியிலேயே இரண்டு சனிக்கிழமை ஓடியது. பயன்படுத்துவது பேராசிரியர். பார்த்துக்கொள்வது லேப் அசிஸ்டென்ட். இன்ன பொருள் வேண்டும் என்று இண்டென்ட் போடுவது துறைத் தலைவர். கையெழுத்துப் போடுவது முதல்வர் அல்லது செயலர். பில்லைப் பாஸ் செய்வது ஆபீஸ் சூப்பரின்டென்டன்ட். இந்த ஐந்து பேருக்கும் ஐந்து கவலை. பேராசிரியருக்கு ரீடிங் சரியாக வர வேண்டும், லேப் அசிஸ்டென்டுக்கு அடிக்கடி மக்கர் செய்யக் கூடாது, ஆபீசுக்குக் காகிதம் ஒழுங்காக இருக்க வேண்டும். ஐந்து பேரிடமும் ஒரே பேச்சைப் பேசினால் ஒருவருக்கும் போய்ச் சேராது என்றார்.

அப்புறம் காகிதம் போகும் வழி. இண்டென்ட், மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், பர்சேஸ் கமிட்டி, பர்சேஸ் ஆர்டர், டெலிவரி சலான், இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட், பிறகுதான் பணம். இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டில் துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் இல்லாவிட்டால் பில் நகராது. கொட்டேஷனில் ஜி.எஸ்.டி. தனியாகவா உள்ளேயா என்று எழுதாவிட்டால் ஒப்பீட்டுப் பட்டியலில் நம் விலை தப்பான கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும்; அந்த வரி வித்தியாசத்தில் ஆர்டர் கைமாறும். அரசு நிறுவனமென்றால் 2016இல் வந்த ஜெம் இணையச் சந்தை. அங்கே பொருள் பதிவாகியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, நம் சிரிப்பெல்லாம் பிறகு. பணம் எந்தத் தலைப்பில் வருகிறது என்று பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார். கல்லூரி லேப்புக்கு மத்திய அரசு பணம் தரும் டி.பி.டி. ஸ்டார் காலேஜ் போன்ற திட்டங்களில் கருவிக்கான ஒருமுறைப் பணம் (நான்-ரெக்கரிங்) வேறு, ரசாயனத்துக்கான தொடர் செலவுப் பணம் (ரெக்கரிங்) வேறு. மார்ச் 31க்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டிய பணத்துக்கு ஜூலையிலேயே போய்ப் பேசியவன்தான் பிப்ரவரியில் ஆர்டர் வாங்குவான். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழு வரப்போகிற கல்லூரியில் எல்லாருக்கும் அவசரம், அங்கே டெலிவரி தேதியைச் சரியாகச் சொல்பவருக்குத்தான் மரியாதை.

இதெல்லாம் எந்தக் கல்லூரியிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்து வருஷம் கெமிஸ்ட்ரி படித்தேன், அந்த லேப்புக்குள் ஒரு பிப்பெட் எப்படி வந்து சேர்ந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அறிவியலையும் சார் விட்டுவிடவில்லை. ஆனால் அவர் கேட்ட விதம் வேறு. பாராசிட்டமாலை 243 நானோமீட்டரில் அளக்கப் போகிறார்கள், நீ கரைசல் ஊற்றும் கியூவெட்டைக் கண்ணாடியில் கொடுத்துவிட்டு வருகிறாய், என்ன நடக்கும்? கண்ணாடி அந்த ஒளியை விழுங்கிவிடும், ரீடிங் குளறுபடியாகும், பேராசிரியர் கருவியைத்தான் குறை சொல்வார், உனக்கு அந்த வாசல் மூடிவிடும். எனவே கொட்டேஷனிலேயே குவார்ட்ஸ் கியூவெட் ஒரு ஜோடி சேர்த்துப் போடு. பி.ஹெச். மீட்டர் வாங்கிய இடத்தில் எலக்ட்ரோடை வாலை வடிநீரில் ஊறப்போட்டு வைத்திருப்பார்கள். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்கச் சொல், முடிந்தால் ஒரு பாட்டில் நீயே கொடுத்துவிட்டு வா. டெமோ காட்டுமுன் பி.ஹெச். 4, 7, 10 என்று தெரிந்த பஃபர் கரைசல் மூன்றிலும் சரிபார்த்துவிட்டுத் தொடங்கு. தெரியாத கேள்வி வந்தால் "கேட்டுச் சொல்றேன் சார்" என்று நோட்டில் எழுது, அன்று சாயங்காலமே போன் செய். மறுநாள் என்றால் மறந்துபோவாய், அவரும் வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பார்.

வகுப்பின் சிறந்த பகுதி, மாவட்டத்தை ஒரு மார்க்கெட்டாகப் பார்க்க வைத்தது. லேப் கருவி என்றால் எங்களுக்குக் கல்லூரியும் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியும்தான் தெரியும். வேறு யார் எதையாவது அளக்கிறார்கள் என்று எழுதி வரச் சொன்னார். திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையம், பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், குடிநீர் பரிசோதனைக் கூடம், நெய்யூர் ஆஸ்பத்திரி என்று பட்டியல் நீண்டது. மணவாளக்குறிச்சி மணல் ஆலையை ஒருவர் எழுதியிருந்தார்; இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் பிரிக்கும் மத்திய அரசு நிறுவனம். "அங்கே எல்லாம் டெண்டர் மக்கா, புது ஆளு வாசலை மட்டும் பாத்துட்டு வரலாம்" என்று சிரித்தார். மார்த்தாண்டம் தேனை நான் எழுதியிருந்தேன். தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; தாண்டினால் புளிக்கத் தொடங்கும். அதை ஒரு துளியில் பார்க்கக் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் போதும், பேட்டரிகூட வேண்டாம். அந்தப் பதிலுக்குச் சார் மேஜையைத் தட்டினார். இன்றைக்கும் நான் பைக்குள் அதை வைத்திருக்கிறேன், தேன் வியாபாரிகளிடம் பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல பொருள் இல்லை.

ரப்பருக்கு எங்களைக் குலசேகரம் பக்கம் ஒரு பால் கொள்முதல் இடத்துக்கே கூட்டிப்போனார். ரப்பர் பாலுக்கு விலை லிட்டர் கணக்கில் இல்லை, அதில் இருக்கும் உலர் ரப்பரின் அளவுக்குத்தான். டி.ஆர்.சி. என்பார்கள். மாதிரியை எடைபோட்டு, அமிலம் விட்டு உறைய வைத்து, மெல்லிசாகத் தட்டி, கழுவி, 70 டிகிரி ஓவனில் காயவைத்து மறுபடி எடைபோடுகிறார்கள். பத்து கிராம் பாலில் 3.4 கிராம் மிஞ்சினால் 34 சதவீதம். அங்கே இருந்த தராசு 0.1 கிராம் வரைதான் காட்டியது. சார் எங்களை ஓரமாக அழைத்து, இந்தத் தராசு ஒரு புள்ளி பிசகினால் 200 கிலோ பாலில் எவ்வளவு ரப்பர் என்று கேட்டார். இரண்டு கிலோ. அது ஒரு நாள் விவசாயி பக்கம் போகும், ஒரு நாள் முதலாளி பக்கம் போகும், இரண்டு நாளும் சண்டை வரும். மூன்று தசம தராசை அந்த முதலாளியிடம் எப்படி விற்பது என்று அதற்குமேல் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவரோ தராசைப் பற்றிப் பேச்செடுத்ததும், "கரண்ட் போனா என்ன செய்யும்? அமோனியா வாடையில போர்டு துருப்பிடிக்காதா?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. சார் பதில் சொல்லவே இல்லை, நோட்டைத்தான் எடுத்து நீட்டினார்.

எந்தக் கம்பெனியில் சேருவது என்று ஒரு வகுப்பு உண்டு. அதில் மருந்துக் கம்பெனி ரெப் வேலைதான் எல்லாருக்கும் தெரிந்தது. வாய்ப்பும் அதிகம், அலைச்சலும் அதிகம். டாக்டர்களுக்குப் பரிசுப் பொருள் கொடுப்பதை 2024ஆம் ஆண்டின் மருந்து விற்பனை நெறிமுறை தடுக்கிறது, சாம்பிளுக்கும் வரம்பு வைத்திருக்கிறது. புது ஆட்கள் இதைப் படித்துவிட்டுப் போக வேண்டும், மேனேஜர் வேறு மாதிரி சொன்னால் எழுத்தில் கேட்க வேண்டும் என்றார். டயக்னாஸ்டிக்கில் கருவியைச் சும்மா வைத்துவிட்டு, டெஸ்டுக்குச் செலவாகும் ரியாஜென்ட் ரசாயனத்தில் காசு பார்க்கும் முறை. அங்கே மாதா மாதம் லேப்பில் எத்தனை டெஸ்ட் ஓடுகிறது என்ற கணக்குத் தெரியாமல் கையெழுத்து வாங்கினால் டார்கெட்டில் மாட்டுவோம். லேப் கருவியில் ஒரு ஆர்டருக்கு மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பொறுமையில்லாதவர்களுக்கு ஆகாது. எனக்கு இது பிடித்தது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். நோட்டீசில் 100 சதவீதம் வேலை என்று போட்டிருந்தார்கள். வகுப்பு முடியும் சமயம் இன்டர்வியூவுக்கு வந்தவற்றில் ஒன்று இன்சூரன்ஸ், ஒன்று வீட்டுக்கு வாட்டர் பியூரிஃபையர் விற்பது. அப்பா சொன்னது அப்படியே நடந்துவிடுமோ என்று பயந்தேன். இன்னொரு இடத்தில் டெமோ கிட்டுக்காக டெபாசிட் கட்டச் சொன்னார்கள். ஆபீஸ் ரூமில் முறையிட்டால், "முதல்ல சேருங்க, அனுபவம்தானே" என்ற பதில். சார் மட்டும் தெளிவாகச் சொன்னார்: வேலை தருகிறவன் காசு கேட்டால் எழுந்து வா, ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டால் ஜெராக்ஸ் கொடு. பெரிய கம்பெனிகள் இங்கே வந்து ஆள் எடுப்பதில்லை. அவர்கள் பொருளை விற்கும் டீலர்கள் மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறார்கள், அவர்களைப் போய்ப் பாருங்கள் என்றார். என் வேலை அப்படிக் கிடைத்ததுதான். களியக்காவிளை தாண்டிப் போய் நானே பயோடேட்டா கொடுத்தேன், நிலையம் அனுப்பவில்லை. ஆனால் என் படத்தை அவர்கள் ஃபிளெக்ஸில் போட்டிருக்கிறார்கள். எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆஃபர் லெட்டரில் பார்க்க வேண்டியதைச் சார் கரும்பலகையில் எழுதிப் போட்டார், அதில் ஒன்று என் சம்பளத்தையே காப்பாற்றியது. ஹெட்குவார்ட்டர் எந்த ஊர் என்று எழுதியிருக்கிறது? திருநெல்வேலி என்று போட்டுவிட்டால், நாகர்கோவிலில் இருந்துகொண்டு சுமார் 80 கிலோமீட்டர் போய்வரும் செலவு நம் தலையில். நாகர்கோவில் என்று இருந்தால் திருநெல்வேலி எக்ஸ்-ஸ்டேஷன், அதாவது வெளியூர் வேலை ஆகும், தனிப்படி உண்டு. எனக்கு வந்த முதல் கடிதத்தில் திருநெல்வேலி என்றுதான் இருந்தது. கேட்டேன், மாற்றிக் கொடுத்தார்கள். கேட்காமல் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். பெட்ரோல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, புரொபேஷன் எவ்வளவு காலம், இன்சென்டிவ் ஆர்டர் வந்ததும் கிடைக்குமா பணம் வந்த பிறகா, சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார். கடைசிக் கேள்வி எங்கள் மாவட்டத்துக்கு உயிர்நாடி. கருவி நின்றுபோனால் ஆள் மதுரையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வர வேண்டும், அதுவரை கல்லூரியின் போன் எல்லாம் நமக்குத்தான் வரும்.

பெண்களுக்குச் சில விஷயம். வகுப்பில் நாங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆபீசில் சேரும்போதே, "உங்களுக்கு ஆபீஸ் கோஆர்டினேட்டர் வேலை பாக்கலாம்மா" என்று ஒதுக்கப் பார்ப்பார்கள்; ஃபீல்டுதான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கழிப்பறை கீழ்மாடிக் கடைக்காரர்களோடு பொது, சுத்தம் சுமார். சனி வகுப்பு இருட்டிய பிறகும் நீளும். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் போகிறவர்களுக்கு வடசேரியில் பஸ்ஸுக்குக் கவலையில்லை, உள்ளூர்ப் பாதைக்காரர்கள் கடைசி பஸ் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு நல்ல மழைக்கோட்டு ஒன்று, கருவிப் பைக்கு ஒரு உறை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. நனைந்த கேட்டலாக்கை நீட்டினால் யாரும் தொடக்கூட மாட்டார்கள்.

கட்டணத்துக்கு ரசீது கேட்டால்தான் தருகிறார்கள், கேளுங்கள். இரண்டு தவணை உண்டு. பாடக் குறிப்பு என்று கொடுப்பது மங்கலான ஜெராக்ஸ். சார் பலகையில் எழுதுவதை நீங்களே எழுதிக்கொள்வது நல்லது, போனில் படமெடுக்க அவர் விடுவதில்லை. சேருமுன் ஒரு சனிக்கிழமை வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அன்று அவர்தான் எடுக்கிறாரா, அடுத்த பேட்சுக்கும் அவர் இருக்கிறாரா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே மருந்துக் கம்பெனியில் இருந்துகொண்டு லேப் கருவிக்கு மாற நினைப்பவர்கள் முழுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. என் பேட்சில் ஒருவர் சனிக்கிழமைக்கு மட்டும் 7,000 ரூபாய்க்குப் பேசி முடித்தார், ஆபீஸில் முதலில் முடியாது என்றுதான் சொன்னார்களாம்.